சுரங்க இரயிலுக்கு இல்லாத ஜாதி மாடி வீட்டுக்கு ஏன்?

சென்னைப் பட்டணத்தில் பூமிக்கு அடியில் இரயில் ஓடத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. 2017-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே முதல் சுரங்க இரயில் ஓடிற்று. 2019-ம் வருஷம் பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் ஏறினால் விமான நிலையத்தில் இறங்கலாம் என்கின்ற அளவுக்கு அது நீண்டது. இந்த இரயிலில் ஏறுகிறவனைப் பார்த்து, நீ யார், உன் தகப்பன் யார், உன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எவனும் கேட்பதில்லை. சீட்டு வாங்கினவனுக்கு இடம் உண்டு. குடுமி வைத்தவனும், குல்லாய் போட்டவனும், தோட்டியின் மகனும், செட்டியாரின் மகனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இப்படி இடிபட்டதனால் எவருடைய ஆசாரமாவது கெட்டுப் போயிற்றென்றோ, எவராவது வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார் என்றோ நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அதே இரயிலை விட்டு இறங்கி, படியேறி மேலே வந்து, எதிரில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அங்கே முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்காது. "நீங்கள் எந்த ஊர்? என்ன ஆட்கள்? சைவமா, அசைவமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத் தக்க பதில் வந்த பிறகுதான் சாவி வெளியே வரும். பூமிக்குக் கீழே ஐம்பது அடியில் செத்துப்போன ஜாதி, பூமிக்கு மேலே பத்தாவது மாடியில் உயிரோடு உட்கார்ந்து வாடகை வாங்குகின்றது என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்க முடியும் என்று கேட்கின்றோம்.

இது பட்டணத்துச் சங்கதியாயிற்றே, அல்லிநகரத்தில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். இன்று அல்லிநகரத்திலும், போடியிலும், சின்னமனூரிலும், கம்பத்திலும் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஊர் எது? 2010-ம் வருஷக் கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட நம் இரயில், 2022-ல் தேனி வரையிலும் 2023-ல் போடி வரையிலும் திரும்பி வந்தது. இப்போது போடியிலிருந்து புறப்படுகின்ற வண்டி நேரே சென்னை சென்ட்ரலில் போய் நிற்கிறது. அந்த சென்ட்ரலுக்கு அடியிலேயேதான் சுரங்க இரயிலின் பெரிய நிலையமும் இருக்கிறது. ஆகவே, நம் ஊர்ப் பிள்ளை பெட்டியோடு ஒரு இரயிலை விட்டு இறங்கி மறு இரயிலில் ஏறிவிடுகிறான். இரண்டிலும் அவனுக்கு மரியாதை குறைவில்லை. மரியாதை குறைவது வீடு தேடும்போதுதான். இதில் நமக்குச் சம்பந்தமில்லை என்றால், வேறு எதில்தான் நமக்குச் சம்பந்தம்?

நிற்க, அந்த மாடிவீட்டின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் யோசித்துப் பார்ப்போம். நிலையத்துக்கு ஐந்து நிமிஷ நடையில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு வீட்டுக்கு அதிக வாடகை கேட்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை உண்டாக்கினவர் யார்? வீட்டுக்காரர் மண்வெட்டி எடுத்துச் சுரங்கம் தோண்டினாரா? ஜப்பான் தேசத்து ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்கியும், மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொட்டியும் அல்லவா இது தோண்டப்பட்டது? இரண்டாம் கட்டமாக இன்னும் 118.9 கிலோ மீட்டருக்குப் பாதை போட 63,246 கோடி ரூபாய் செலவு என்று 2024-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இந்தக் கோடிகளில் தீப்பெட்டியும் சோப்பும் வாங்குகின்ற அல்லிநகரத்துக் கூலிக்காரன் கொடுத்த வரியும் இருக்கிறது. மாட்டிறைச்சி தின்பவன் கொடுத்த வரியும், மீன் விற்பவள் கொடுத்த வரியும் இருக்கிறது. வரி வாங்கும்போது, சைவர் கொடுத்த பணத்தை மாத்திரம் பொறுக்கி எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டார்களா?

அன்றியும், கட்டடத்தின் உயரமும் வீட்டுக்காரரின் சொந்தச் சொத்தல்ல. 2019-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டதுதான் உயர்ந்த கட்டடம். சாதாரணக் கட்டடமானால் மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்குதான் தளம் கட்டலாம். உயர்ந்த கட்டடமானால் மூன்றேகால் மடங்கு வரையில் கட்டலாம். இந்த அதிகப்படியான ஒன்றேகால் மடங்கு ஆகாயத்திலிருந்து விழுந்ததா? பொதுஜனங்களின் பேரால் சர்க்கார் கொடுத்த அனுமதி அது. அதற்கும் மேலே கட்ட வேண்டுமானால் கட்டுகிறவர் கட்டணம் கட்டுகிறாரே என்பார்கள். கட்டுகிறார் என்பது உண்மை. அந்தக் கட்டணம் வீட்டு விலையில் ஏறி, விலை வாடகையில் ஏறி, கடைசியில் குடியிருக்கிறவன் தலையில் இறங்குகின்றது என்பதும் உண்மை.

இதை நம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்குச் சொன்னால் உடனே விளங்கும். 1895-ல் முல்லைப் பெரியாற்று அணை திறந்து தண்ணீர் வந்தது. காய்ந்து கிடந்த புன்செய் நன்செய்யாயிற்று. நிலத்தின் மதிப்பு ஏறிற்று. சர்க்கார் சும்மா விட்டதா? சர்க்கார் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் தண்ணீர்த் தீர்வை கட்டவேண்டும் என்று 1865-லேயே சட்டம் செய்து வைத்திருந்தது. உழுது, நாற்று நட்டு, களை பறித்து, வெயிலில் வெந்து விளைவித்தவனிடமே, தண்ணீர் பொதுச் சொத்து, ஆகவே கொடு என்று வாங்கினார்கள். பட்டணத்தில் இரயில் வந்ததனால் உட்கார்ந்த இடத்திலேயே வாடகை ஏறப்பெற்றவரிடம் மாத்திரம், இது உம்முடைய உழைப்பல்ல, ஆகையால் பொதுஜனங்களுக்குச் சிறிது பணிந்து நட என்று சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? வாய்க்கால் தண்ணீர் வாங்கின விவசாயி, என் வரப்பில் இன்ன ஜாதியான்தான் நடக்கலாம் என்று சொன்னால் அது குற்றம். இரயிலின் லாபம் வாங்கின வீட்டுக்காரர், என் மாடியில் இன்னார்தான் நடக்கலாம் என்று சொன்னால் அது "அவரவர் இஷ்டம்" ஆகிவிடுகிறது!

இனி, இந்தச் "சைவமா, அசைவமா" என்னும் கேள்வியின் சூட்சுமத்தைப் பார்ப்போம். தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த வட்டாரத்திலும் குடியிருக்கவொட்டாமல் தடுப்பது குற்றம் என்று 1955-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. அதனால் "உன் ஜாதி எங்களுக்கு வேண்டாம்" என்று இன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகச் சோற்றுத் தட்டை எட்டிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள் என்று இந்திய சர்க்காரின் 2014-ம் வருஷத்துக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே, "சைவருக்கு மட்டும்" என்று ஒரு பலகை மாட்டினால், ஜாதிப் பெயர் ஒன்றையும் எழுதாமலேயே நூற்றுக்கு 97 பேரைத் தெருவில் நிறுத்திவிடலாம். மீதி மூன்று பேர் யார் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பலகை மாட்டுகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கள் வீட்டில் கோழி அடிக்கிறவர்கள். தங்கள் வயிற்றுக்குள் போகலாம், தங்கள் வாடகை வீட்டுக்குள் போகக் கூடாது என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. மேல் ஜாதிக்காரன் செய்ததைப் பார்த்து அடுத்த ஜாதிக்காரனும் அப்படியே செய்து தானும் பெரிய மனிதனாகப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

நாற்றம் வரும் என்பார்கள். பெருங்காயத்துக்கு நாற்றமில்லையா? சாம்பிராணிப் புகைக்கு நாற்றமில்லையா? வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், கெடுத்தால் நஷ்டம் கொடு என்று ஒப்பந்தம் எழுதிக் கொள்வதை எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். சுத்தத்தைப் பற்றிப் பேசாமல் சோற்றைப் பற்றிப் பேசுவதிலிருந்தே உள்நோக்கம் விளங்கவில்லையா? சுகதேவ் தோரட் முதலிய அறிஞர்கள் டில்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெயரை மாத்திரம் மாற்றிச் சொல்லி வீடு கேட்கும்படி ஆட்களை ஏவிப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மேல்ஜாதிப் பெயருக்குத் திறந்த கதவு, தாழ்த்தப்பட்டவரின் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பல இடங்களில் மூடிக்கொண்டது. திறந்த சில இடங்களிலும் நிபந்தனைகள் முளைத்தன. பெயரைக் கேட்டவுடன் எந்த மீன் நாறிற்று?

கலியாணம் ஆகாத பெண் வேலைக்கு வந்து வீடு கேட்டால் இன்னும் மோசம். இராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், யார் யார் உன்னைப் பார்க்க வருவார்கள், தகப்பனைக் கூட்டி வா என்கிறார்கள். மாதம் தவறாமல் வாடகை கட்டக்கூடிய பெண் தானே கையெழுத்துப் போட யோக்கியதை அற்றவளாம். ஊரில் உட்கார்ந்து அவள் அனுப்பும் பணத்தில் சாப்பிடுகிற தகப்பன் கையெழுத்துத்தான் செல்லுமாம்! அவள் பிரயாணம் செய்யும் இரயிலை ஓட்டுகிறவர்களிலேயே பெண்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த மேதாவிகள் யோசிப்பதில்லை.

அடுத்தது பணம். 20,000 ரூபாய் வாடகை என்றால், பத்து மாத அட்வான்ஸ் இரண்டு லட்சம், தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை வேறு. நம் ஊரில் நாளைக்கு 500 ரூபாய் கூலி வாங்குகிறவன், சாப்பிடாமல் சேர்த்தாலும் 400 நாள் உழைத்தால்தான் அந்த அட்வான்ஸ் தேறும். 2019-ம் வருஷம் பிப்ரவரி 22 முதல் அமுலில் உள்ள தமிழ்நாட்டுக் குடியிருப்போர் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால், "வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. வீடில்லாமல் பெட்டியோடு நிற்பவன், எழுதி வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? ஆட்டுக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சொன்ன கதைதான் இது. சட்டத்தின் தலை குடியானவன் பக்கம் பார்க்கிறது. வால் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

இவ்வளவும் போதாதென்று வாஸ்துவையும் சேர்த்து விற்கிறார்கள். பத்தாவது மாடியில் அக்கினி மூலை எங்கே, குபேர மூலை எங்கே என்று பார்க்கிறார்கள். தரையில் கட்டின வீட்டுக்காவது அடியில் மண் உண்டு. இங்கே உன் பூஜை அறைக்கு மேல் ஒருவன் குடும்பம் நடத்துகிறான். கீழே ஒருவன் துணி துவைக்கிறான். எல்லோருக்கும் அடியில் இரயில் ஓடுகிறது. இதில் வாஸ்து புருஷன் எந்த மாடியில் படுத்திருக்கிறான்? லிப்டில் ஏறினானா, படியில் ஏறினானா? திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரையில் இராகு காலம். அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போகிற கூட்டம் இரயிலில் நெருக்கி ஏறுகிறது. இராகுவுக்காக ஒரு வண்டியாவது நின்றதுண்டா? ஆடி மாதத்தில் வீடு மாறக் கூடாதென்று பயந்து, வேண்டாத வீட்டுக்கு இன்னும் ஒரு மாத வாடகை கட்டுகிறார்கள் நம்மவர்கள். நம் வாலிபர்களுக்கு நாம் சொல்வது: ஆடியிலேயே வீடு தேடுங்கள். அப்போது குடிவர ஆள் குறைவு. வீட்டுக்காரர் காலி வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகையைக் குறைத்துப் பேச அதைவிட நல்ல காலம் கிடையாது. மூடநம்பிக்கை மற்றவர்களுக்கு நஷ்டமானால், பகுத்தறிவு நமக்கு லாபமாக இருக்கட்டுமே.

"என் வீடு, என் இஷ்டம்" என்று வாதாடுவார்கள். நீ குடியிருக்கும் வீட்டில் யாரைச் சேர்த்துக்கொள்வது என்பது உன் இஷ்டம். பலகை மாட்டி வாடகைக்கு விடுகிற வீடு வியாபாரம். கடைக்குள்ளும், உணவு விடுதிக்குள்ளும் ஜாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்லுகிறது. சாப்பாடு விற்கிறவனுக்கு ஒரு நீதி, தங்குமிடம் விற்கிறவனுக்கு ஒரு நீதியா? இரயில்வே நிலையங்களில் பார்ப்பனருக்கென்று தனிச் சாப்பாட்டு இடம் இருந்ததும் ஒரு காலத்தில் "வழக்கம்" என்றுதான் சொல்லப்பட்டது. 1941-ல் அது எடுபட்டுப் போயிற்று. அதனால் எந்த இரயிலும் கவிழ்ந்து விடவில்லை.

மற்ற தேசங்களைப் பாருங்கள். கறுப்பருக்கு வீடில்லை என்று இலண்டன் மாநகரில் ஜன்னலில் அட்டை எழுதி வைத்த காலம் உண்டு. 1968-ல் அந்த தேசத்தார் அதைச் சட்டவிரோதமாக்கினார்கள். அதே 1968-ல் அமெரிக்காவும், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம், மதம் பார்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. சிங்கப்பூரில் ஜனங்களில் பெரும்பாலோர் சர்க்கார் கட்டிய அடுக்குமாடிகளில்தான் வசிக்கிறார்கள். பல கட்டடங்களுக்கு அருகிலேயே இரயில் நிலையமும் இருக்கிறது. அங்கேயும் "இந்தியர் வேண்டாம்" என்று வாடகை விளம்பரங்கள் வருவதை 2014-ல் பி.பி.சி. செய்தி நிறுவனம் எடுத்துக் காட்டிற்று. இங்கே சென்னையில் "சைவருக்கு மட்டும்" என்று பலகை மாட்டியவரின் மகன், அங்கே போய் "இந்தியர் வேண்டாம்" என்ற விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றால், அந்த அநியாயத்தை எந்த வாயால் கண்டிப்பார்? குழம்பு நாற்றம் அடிக்கும் என்றுதான் அங்கேயும் காரணம் சொல்கிறார்கள்! சைவக் குழம்பா அசைவக் குழம்பா என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஏழைகளுக்கு உயர்ந்த கட்டடமே கட்டவில்லையா என்றால், கட்டியிருக்கிறார்கள். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கிளப்பி, பட்டணத்துக்கு வெளியே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்தார்கள். 2015-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவர்கள் வேலை செய்த தெரு ஒரு பக்கம், குடியிருக்கும் மாடி ஒரு பக்கம் என்று ஆயிற்று. பாத்திரம் துலக்கவும், தெருக் கூட்டவும், கட்டட வேலைக்கும் பட்டணத்துக்குள் வர வேண்டியவர்கள் அவர்கள். இரயில் நிலையம் எவர்களுக்கு மிகவும் அவசியமோ, அவர்களை நிலையத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, மோட்டார் வண்டி வைத்திருக்கிறவர்களை நிலையத்தின் வாசலில் குடிவைப்பதற்குப் பெயர் நகர அமைப்பாம். சேரியை ஊருக்கு வெளியே வைத்த பழைய சாஸ்திரம், எட்டடுக்கு மாடியாக எழும்பி நிற்பதைத் தவிர இதில் புதுமை என்ன இருக்கிறது? சுரங்கம் தோண்ட வந்த பீகார், ஒரிசாத் தொழிலாளியோ தகரக் கொட்டகையில் படுத்தான். வேலை முடிந்ததும் மூட்டையோடு போய்விட்டான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். குடியிருப்போர் சட்டத்தில் அந்த வாலை அறுத்தெறிந்து, மூன்று மாத முன்பணம் என்றால் மூன்று மாதம் என்றே இருக்கச் செய்ய வேண்டும். ஜாதி, மதம், உணவு, கலியாணம் ஆனது ஆகாதது ஆகிய இவற்றைக் காரணமாகக் கொண்டு வீடு மறுப்பதும், அவ்விதம் விளம்பரம் செய்வதும் குற்றமென்று அதே சட்டத்தில் எழுத வேண்டும். நிலையங்களுக்கு அருகில் அதிகத் தளம் கட்ட அனுமதி கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கு கூலிக்காரருக்கும் குறைந்த சம்பளக்காரருக்கும் நியாயமான வாடகைக்கு விடப்பட வேண்டுமென்று நிபந்தனை போட வேண்டும். இவை ஆகாயத்தைக் கேட்பதல்ல. பொதுஜனங்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதுதான்.

இதோடு நின்றுவிட்டால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். அல்லிநகரத்திலும் தேனியிலும் வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரரான நம் தோழர்கள் எத்தனை பேர் ஜாதி கேட்காமல் சாவி கொடுக்கிறீர்கள்? மேடையில் ஜாதி ஒழிக என்று கை தட்டிவிட்டு, வீட்டு வாசலில் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிறவர், பட்டணத்து மாடிக்காரரைக் குறைசொல்ல என்ன பாத்தியம் உடையவர்? உங்கள் வீட்டுப் பலகையில் இன்றைக்கே "ஜாதி கேட்க மாட்டோம்" என்று எழுதி மாட்டுங்கள். வாலிபர்களே! சென்னைக்குப் போய், ஒரு வீட்டுக்காகச் சைவர் என்று பொய் சொல்லி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு முட்டை வேகவைத்துத் தின்னாதீர்கள். பயந்து தின்கிற சோறு உடம்பில் ஒட்டாது. கேட்கிறவரிடம், வாடகை மாதம் பிறந்தால் வரும், அதற்கு மேல் கேட்க உமக்குப் பாத்தியமில்லை என்று நேராகச் சொல்லுங்கள். நம்மவர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதினோராவது வீட்டுக்காரர் யோசிப்பார். ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் சர்க்கார் யோசித்துத்தான் ஆக வேண்டும்.